குளிர்காலத்துக்கு முன் ஒரு தெருப்பூனைக்குத் தங்குமிடம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் சுற்றித் திரியும் சாம்பல் நிறப் பூனை ஒன்றுக்குக் குளிர் கடுமையாகும் முன் பாதுகாப்பான இடம் அமைத்துத் தர விரும்புகிறேன். வைக்கும் உணவைச் சாப்பிட்டாலும், கை நீட்டினால் விலகி ஓடிவிடுவதால், அதை வீட்டுக்குள் கொண்டுவருவது இப்போதைக்கு இயலாது.

பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் உட்புறம் தெர்மாக்கோல் பதித்து, ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அகலத்தில் வாசல் வெட்டி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்திருக்கிறேன். சிறிய பெட்டியில்தான் பூனையின் உடல் வெப்பம் தங்கும். போர்வை ஈரத்தை உறிஞ்சிக் குளிர்ந்துவிடும் என்பதால் உலர்ந்த வைக்கோலை மட்டுமே பரப்பியுள்ளேன்.

இருப்பினும் பூனை உள்ளே நுழையாமல், நிறுத்தியிருக்கும் கார்களின் அடியிலேயே படுத்துக்கொள்கிறது. இதுவே எனக்குப் பெருங்கவலை. வெப்பம் தேடி எஞ்சின் பகுதிக்குள் ஏறிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு, கார்களிலிருந்து கசியும் உறைதடுப்புத் திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் இருந்தால், சிறிதளவு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டைத் தட்டுமாறு அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அச்சமுள்ள பூனையைப் பெட்டிக்குப் பழக்கிய அனுபவம் உள்ளவர்கள், உணவைப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாமா, அது வேறு விலங்குகளை ஈர்த்துவிடுமா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். கருத்தடை செய்ததைக் காட்டும் காது நுனி வெட்டு இதற்கு இல்லை. எனவே இப்போதே கூண்டு வைத்துப் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதா, குளிர் முடியும்வரை காத்திருப்பதா என்பதையும் கூறினால் பேருதவியாக இருக்கும். கூண்டு இரவல் தரக்கூடியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.