சாயவேர் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு ஊர் நகரி. கைத்தறியில் துணி நெய்து, இயற்கைச் சாயம் ஏற்றுகிறேன். மிஞ்சும் சாயத்தில் படிகாரமும் சோடா உப்பும் சேர்த்தால் நிறம் வண்டலாக அடியில் இறங்கும். அதை வடிகட்டி நிழலில் உலர்த்தி, அம்மியில் அரைத்து, வேலம்பிசின் கலந்து ஓவியத்துக்கு வைத்துக்கொள்வேன்.

இப்போது சிவப்புக்குத்தான் திண்டாட்டம். சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது சாயவேர். கடலோர மணலில் தானாக முளைக்கும் சின்னச் செடி, வேர் நூல் மாதிரி மெலிசு. கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்து ஊறிய பருத்தியில், படிகாரம் தடவி இந்த வேரோடு கொதிக்கவிட்டால் வரும் சிவப்புக்கு ஈடே இல்லை. பக்கத்தில் காளஹஸ்தியில் கலம்காரி போடுகிறவர்களிடமும் விசாரித்துவிட்டேன், கைவசம் இல்லை என்கிறார்கள்.

கடலூர், நெல்லூர் பக்கம் யாராவது இன்னும் இந்த வேரைத் தோண்டுகிறார்களா? விதை கிடைத்தாலும் சரி, நானே பயிர் வைத்துப் பார்க்கிறேன். உரிய விலையும் அனுப்பும் செலவும் தந்துவிடுவேன்.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், சிவப்பு மங்கிப் பழுப்படிக்கிறது. துரு இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுக்க அதே இரும்புதான் துணை, சிவப்புக்கோ அதுதான் எதிரி. மழைநீர் பிடித்து வைப்பது தவிர, சாயப்பட்டறை அனுபவமுள்ளவர்கள் வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

இங்கே எந்தத் தெருவிலும் விசைத்தறிச் சத்தம்தான். குழித்தறியில் நெய்த பெரியவர்கள் புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கம் இருந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டு இன்பாக்ஸில் தகவல் கொடுங்கள். நேரில் போய்ப் பார்க்கிறேன்.