மனோரமா ஐந்து முதல்வர்களோடு நடித்தாராமே, அண்ணா எந்தப் படத்தில் நடித்தார்?

மன்னை மைந்தன்:
மனோரமாவைப் பற்றி யார் எழுதினாலும் “ஐந்து முதல்வர்களோடு நடித்தவர்” என்று தவறாமல் எழுதுகிறார்கள். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆர் மூவரும் சரி. அண்ணாவும் கலைஞரும் இந்தக் கணக்கில் எப்படி வந்தார்கள்? அண்ணா கதை, வசனம் எழுதிய படங்கள் தெரியும். நடித்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. அம்மாவிடம் கேட்டால் “எல்லாரும் சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

திண்ணை:
சினிமாவில் இல்லை, மேடையில். ‘சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்’ அண்ணா எழுதி, காகபட்டராக அவரே நடித்த நாடகம். அதில் மனோரமா அவரோடு மேடையேறியிருக்கிறார். கலைஞரோடு ‘உதயசூரியன்’ நாடகம். “ஐந்து முதல்வர்களோடு படத்தில்” என்று எழுதுபவர்களால் வந்த குழப்பம் இது.

பின்பாட்டுக்காரர் மகள்:
திண்ணை சொன்னதுதான் சரி. ஆனால் இந்த ஐந்து முதல்வர் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. மேடையில் அந்தம்மா பட்ட பாட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாடு எந்த நாற்காலிக்குப் போனார்கள் என்பதை வைத்தா ஒரு நடிகையை அளப்பது?

எங்கள் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மனோரமா பேச்சு வந்தால் முதலில் அவர் சொல்வது, “அந்தப் பேரை வச்சதுல ஒரு ஆர்மோனியக்காரருக்கும் பங்கு இருக்கு” என்பதுதான். உண்மைதான். 1937-ல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாவுக்கு மனோரமா என்று பெயர் வைத்தவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியம் வாசித்த தியாகராஜனும். கோபிசாந்தாவுக்கு அவர் அப்பாவின் ஆதரவு இல்லாமல் போக, குழந்தையோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்த அவருடைய தாயார் வீட்டு வேலை பார்த்து வளர்த்தார். படிப்பு ஆறாவதோடு நின்றது. ஊருக்கு வந்த நாடகத்தில் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட, பன்னிரண்டு வயசில் மேடையேறினார்.

ஸ்திரீபார்ட்டுக்கு, அதாவது மேடையில் கதாநாயகி வேடம் கட்டுபவருக்கு, இரவல் குரல் கிடையாது. முதல் பாட்டைத் திரைக்குப் பின்னாலிருந்தே எடுக்க வேண்டும். முகம் தெரிவதற்கு முன்னால் குரல் போய், தரையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவரை எழுப்பி உட்கார வைத்தாக வேண்டும். சுதி இறங்கினால், ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே கூடப் பாடும் பின்பாட்டுக்காரர் தாங்கிப் பிடிப்பார். வசனம் மறந்தால் தாங்க ஆளில்லை. சொந்தமாக நாலு வார்த்தை பேசி, எதிரில் நிற்பவரையும் கதைக்குள் இழுத்து வர வேண்டும். நாடகக் குழுக்கள் போட்ட சபா நாடகங்கள் எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகம் போல விடிய விடிய நடப்பவை அல்ல, ஆனாலும் இந்தப் பாடு ஒன்றுதான். வைரம் நாடக சபாவிலும், பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரன் குழுவின் ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களிலும் அவர் தேறியது இப்படித்தான்.

1958-ல் கண்ணதாசன் ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடம் கொடுத்தபோது தயங்கினார். மேடையில் கதாநாயகி ஆயிற்றே! கதாநாயகி என்றால் கொஞ்ச காலம்தான், இதில் நெடுநாள் நிற்கலாம் என்று கண்ணதாசன் தேற்றியதை அவரே நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) பாருங்கள். அதில் மனோரமாவின் வேடமான ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடகக்காரி. நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்திடம் நாயனத்தின் சத்தத்தைப் பற்றி வெள்ளந்தியாக விசாரிப்பாரே, அந்த இடம். பேச்சை இழுத்துக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் தூக்கி நிறுத்தி, எதிரில் இருப்பவர் முகத்தில் சிரிப்பு வரும்வரை பொறுத்து, அப்புறம்தான் அடுத்ததை எடுக்கிறார். அந்தப் பொறுமை கேமரா முன்னால் வந்ததில்லை, ஜனங்களுக்கு எதிரில் நின்று வந்தது. இயக்குநர் ஏ.பி.நாகராஜனும் நாடகத்திலிருந்து வந்தவர் என்பதால் அதன் அருமை தெரிந்து விட்டிருக்கிறார். அதே வருஷம் ‘பொம்மலாட்டம்’ படத்தில் “வா வாத்யாரே ஊட்டாண்ட” சொந்தக் குரல். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்தவர் மெட்ராஸ் பாஷையை அப்படிப் பாடுகிறார்!

மன்னை மைந்தன்:
ரொம்ப நன்றிங்க. எங்க ஊரில் பிறந்தவர் என்பது தெரியும், நாடகப் பெயர் விவரம் புதுசு. பொம்மலாட்டத்தில் ஜெயலலிதாவும் உண்டுதானே?

பின்பாட்டுக்காரர் மகள்:
ஆமாம், ஜெய்சங்கருக்கு ஜோடி.

கோடம்பாக்கம் ரவுண்டு:
அக்கா, மேடை அவருக்குக் கொடுத்தது மட்டும்தானா? எண்பதுகளுக்கு அப்புறம் வந்த அம்மா வேடங்களில் அழுகையும் சத்தமும் அதிகம். அந்த நாடகத்தனம் மேடையில் ஒட்டியதுதானே?

பின்பாட்டுக்காரர் மகள்:
சில படங்களில் சத்தம் அதிகம்தான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவரை எத்தனை பேர் அதே அழுகைக்காகவே கூப்பிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1989-ல் வந்த ‘புதிய பாதை’க்குத் தேசிய விருது கிடைத்ததே, அதில் அடக்கி நடிக்க வேண்டிய இடங்களில் அடக்கித்தான் நடித்திருக்கிறார்.

சத்தமே போட்டாலும் அதில் கணக்கு இருக்கும். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக அவர் நடிகர் கிஷ்முவுக்கு எதிரில் போடும் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். “கம்முனு கெட” என்பதை ஒவ்வொரு தடவையும் வேறு ஏற்றத்தில் சொல்கிறார். ஒன்று அதட்டல், ஒன்று அலட்சியம், ஒன்று பாதிப் பேச்சில் வாயை அடைப்பது. அந்தக் காட்சியைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.