பழைய கேட்டர்ஹம் செவன் வாங்கலாமா? வாங்கினால் முதலில் எதில் கை வைப்பது?

யீஷூன்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். 1985ஆம் ஆண்டு கேட்டர்ஹம் செவன் (இங்கிலாந்தின் லேசான, இருவர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூர்ப் பதிவு, சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்தாண்டுக்குப் புதுப்பித்ததில் இன்னும் ஆறு ஆண்டு சொச்சம் மிச்சம். ஃபோர்டு 1.6 கிராஸ்ஃப்ளோ எஞ்சின், நாலு கியர், பின்னால் லைவ் ஆக்சில் (இரு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இறுகிய அச்சு). இங்கிலாந்தில் யாரோ ஒருவர் கிட்டாக (தனித்தனிப் பாகங்களாக) வாங்கி வீட்டிலேயே கோத்து, பல கை மாறி வந்த வண்டி. படத்தில் பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. என் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை செய்வேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு, பல மாடி கார்நிறுத்தம்தான், சொந்த கராஜ் எல்லாம் கிடையாது. வாங்கிவிட்டு ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேம்படுத்தலாம் என்று ஆசை: இரட்டை வெபர் 40 கார்புரேட்டர், எஞ்சின் சிலிண்டரைக் குடைந்து 1700 சிசிக்குப் பெரிதாக்குவது (போர் செய்வது), பெரிய பிரேக். இந்த வரிசை சரியா? பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்? மனைவி "மழை வந்தா என்ன செய்வீங்க" என்று ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார், அதற்கும் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:
தம்பி, வண்டிக்குக் கீழே குனிவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். இன்றைக்குப் பதிவை ரத்து செய்தால் மிச்ச சிஓஇக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று விற்பவரையே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கேட்கும் விலையில் அதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் காருக்குக் கொடுக்கும் காசு. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 2020இல் ஏ பிரிவு (சிறிய கார்கள்) சிஓஇ முப்பது, நாற்பதாயிரம் வெள்ளி (டாலர்) அளவில் இருந்தது, 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. மலிவான காலத்தில் புதுப்பித்தவர் இன்றைய சிஓஇ விலையில் கணக்குப் போட்டுத்தான் விற்பார், ஆனால் ரத்து செய்யும்போது உங்களுக்குக் கிடைப்பது அன்று கட்டிய தொகையில் மிச்சம் மட்டும்தான். சாலை வரியிலும் பழைய வண்டிக்கு 50 விழுக்காடு கூடுதல், ஆண்டுதோறும் பரிசோதனை. சேசி எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம் வண்டி. செவனின் எலும்புக்கூடு மெல்லிய இரும்புக் குழாய்கள், அதன்மேல் அலுமினியத் தகடு ரிவெட் அடித்திருக்கும். தகட்டுக்கும் குழாய்க்கும் இடையில் தண்ணீர் தங்கினால் உள்ளேயே அரிக்கும், வெளியே பளபளப்பாகத்தான் தெரியும், நம் ஊர் ஈரக் காற்றைச் சொல்லவே வேண்டாம். ஆகவே குழாய்களுக்குப் புதிதாக பௌடர் கோட் (சூட்டில் இறுக்கிய பெயிண்ட்) அடித்திருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், எதற்கு அடித்தார் என்று கேளுங்கள். கார்பெட்டைத் தூக்கிவிட்டு, இருக்கைக்குப் பின்னால் கீழ்க்குழாய்களையும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களையும் விளக்கடித்துப் பாருங்கள், வெல்டுக்குப் பக்கத்தில் முடி மாதிரி விரிசல் இருக்கும். லைவ் ஆக்சில் வண்டியில் பின்னால் ஏ வடிவச் சட்டம் ஒன்று ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது பிடிக்கும் இடத்தில் எண்ணெய்க் கசிவும் புஷ் (இணைப்பில் உள்ள ரப்பர் வளையம்) தேய்மானமும் பழைய நோய்.

முன் சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் செவன்களில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் அப்ரைட்தான் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு), அதன் அடியில் டிரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு திருகு மரையில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் எண்ணெய்தான் ஏற்ற வேண்டும். எண்ணெய் காணாமல் விட்டால் உள்ளே துருப்பிடித்து ஒரு நாள் மரை முறியும், சக்கரம் மடங்கி உள்ளே போகும். விற்பவரிடம் "டிரனியனுக்கு என்ன போடுறீங்க" என்று மட்டும் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் வண்டியைப் பார்த்துக்கொண்ட ஆள். "அது என்ன" என்றால் விலையைக் குறையுங்கள்.

கேஸ்கெட்:
இரும்பண்ணன் சொன்னதற்கு மேல் வாங்கும் விஷயத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் மேம்பாட்டு வரிசை தலைகீழ் ப்ரோ. 500 கிலோ சொச்சம் உள்ள காரில் 84 குதிரைச் சக்தியே போதும், நம் ஊர் விரைவுச்சாலையில் 90க்கு மேல் எங்கே போகப் போகிறீர்கள்? இந்தக் காரின் சுகம் வளைவில்தான், வளைவு டயரிலும் ஜியாமெட்ரியிலும் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) இருக்கிறது.

முதலில் டயர். அதிகம் ஓடாத வண்டியில் டயரின் பள்ளக்கோடுகள் தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். பக்கவாட்டில் 2316 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது, தூக்கிப் போடுங்கள். 13 அங்குல டயர் இப்போது எளிதில் கிடைப்பதில்லை, வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். காற்றும் மற்ற கார் மாதிரி 32 அல்ல, 18 முதல் 20 பிஎஸ்ஐதான், பெட்ரோல் நிலையத்தில் யாராவது உதவி செய்கிறேன் என்று ஏற்றிவிடப் போகிறார்கள். பிறகு பிரேக் திரவம், அது ஈரத்தை இழுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரப்பர் புஷ், பெட்ரோல் குழாய் எல்லாம் புதிது போடுங்கள், குழாய் ரொம்ப முக்கியம், எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகினால் மற்ற எந்த மேம்பாடும் உங்களுக்குத் தேவைப்படாது. இதெல்லாம் முடிந்த பிறகு நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே நான்கு சக்கர எடையையும் சமன் செய்யச் சொல்லுங்கள். இவ்வளவு லேசான காரில் உங்கள் உடம்பும் ஒரு பாகம்தான்.

ரேடியேட்டரும் மின்விசிறியும் இங்கிலாந்துக் குளிருக்குக் கணக்குப் பண்ணியவை. மாலை நேர பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் வெப்ப முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது வேதனை. நல்ல விசிறி, சுத்தமான ரேடியேட்டர், சரியான எர்த் (மின்சாரம் திரும்பும் சேசி இணைப்பு). பழைய கிட் காரில் மின்கோளாறு என்றால் பாதி எர்த் கோளாறுதான், பெயிண்டுக்கு மேலேயே வயரை முடுக்கியிருப்பார்கள்.

செம்பவாங் அக்கா:
கேஸ்கெட் தம்பி சொல்வது சரி, ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. இருக்கிற கார்புரேட்டர் தேய்ந்து காற்று இழுத்தால் அதைக் கட்டி அழாமல் நல்ல கார்புரேட்டர் போடுவதில் தவறில்லை, வண்டி சீராக ஓடுவதே பெரிய மேம்பாடு. பிளாட்டினம் பாயிண்டை (தீப்பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பழைய தொடுமுனை) எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் அப்படித்தான், செலவு குறைவு, நிம்மதி அதிகம். ஆனால் 1700 போர் வேண்டாம். கேட்டர்ஹமே 1700 சூப்பர்ஸ்பிரின்ட் விற்றார்கள், அங்கே அது சாதாரணம். இங்கே எஞ்சின் கொள்ளளவை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும், சாலை வரியும் சிசி கணக்கில்தான். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் சுற்றி வையுங்கள், பரிசோதனைக்கு வேண்டியிருக்கும், விற்கும்போதும் வேண்டியிருக்கும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை என்றைக்காவது திறந்தால் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போடச் சொல்லுங்கள், ஈயமில்லாப் பெட்ரோலில் பழைய வார்ப்பிரும்பு சீட் தேயும்.

35 வயது தாண்டிய வண்டி என்பதால் பழங்காலக் கார்களுக்கான கிளாசிக் திட்டத்தைப் பற்றி யாராவது சொல்வார்கள். ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மாற்றங்கள் செய்த கிட் கார் அதில் சேருமா என்பதை ஆணையத்திடம் எழுத்தில் வாங்குங்கள், விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். காப்பீட்டையும் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், இவ்வளவு பழைய வண்டி என்றாலே பல இடங்களில் கைவிரித்துவிடுவார்கள்.

ஜோகூர் பக்கம் போவதானால் இன்னொன்று. முக்கால் டாங்க் விதி (சிங்கப்பூர் கார் எல்லை தாண்டும்போது டாங்க் முக்கால் நிரம்பியிருக்க வேண்டும்) இந்தக் காருக்கும் உண்டு, செவனின் பெட்ரோல் முள்ளோ அதன் இஷ்டத்துக்கு ஆடும். நிரப்பிவிட்டே கிளம்புங்கள், ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யீஷூன்காரன்:
எல்லாருக்கும் நன்றி. வெபர் ஆசையை ஓரமாக வைத்துவிட்டேன், முதல் ஆண்டுக் காசு டயர், புஷ், குழாய், விசிறிக்கு. விற்பவரிடம் டிரனியன் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், "ஈபி 90, சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்" என்று உடனே பதில் வந்தது! சனிக்கிழமை காலை பார்க்கப் போகிறேன். ஓட்டிப் பார்க்க ஓல்ட் அப்பர் தாம்சன் சாலை பக்கம் போகலாம் என்கிறார், 1973 வரை கிராண்ட் பிரீ நடந்த பாதையாம். மழைக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய_இரும்பு:
அங்கே குரங்குகள் சாலையைக் கடக்கும் தம்பி, மெதுவாகப் போங்கள். வளைவை ரசிக்க அந்த வேகமே போதும். மழைக்குக் கூரைத்துணி உண்டு, மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும், மாட்டினாலும் தொடையில் சொட்டும். ஆகவே இருக்கைக்கு அடியில் இரண்டு மழைக்கோட்டும், கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் வடிய ஓட்டை அடைபடாமல் இருக்கிறதா என்ற கவனமும். விற்பவரிடம் கூரைத்துணியின் பட்டன் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் அதற்கும் விலையைக் குறையுங்கள்.