அஸ்வெசும, திரிபோஷ, பள்ளிக்கூடச் சாப்பாடு: நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு எது போய்ச் சேர்கிறது?

படுவான்கரையான்:
சிறுவர் வறுமைக்கு இலங்கை அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்டால் எல்லோரும் அஸ்வெசும என்ற மாத உதவிப்பணத்தில்தான் போய் நிற்கிறோம். 2023 யூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது அது. 2,500 ரூபாயில் தொடங்கி மிக வறிய குடும்பத்துக்கு 15,000 வரை தந்தார்கள். 2025 தையில் அந்த 15,000, 17,500 ஆனது. காசு வருகிறது, சரி. ஆனால் அது வங்கியால் எடுத்த கையோடு கடைக் கொப்பிக்கடனுக்குப் போய்விடுகிறது. நான் கண்ட வரைக்கும் பிள்ளையின் வயிற்றுக்கு நேரே போவது பள்ளிக்கூடச் சாப்பாடு மட்டும்தான். கிழக்கில் உங்கள் ஊர்களில் கண்டதை எழுதுங்கள். கட்சிக் கதை வேண்டாம்.

வாகரை டீச்சர்:
நான் ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். சாப்பாடு நிற்கும் கிழமைகளில் வரவு குறைவதை இடாப்பைப் பார்த்தாலே சொல்லலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் 5 வரைக்கும்தான் கொடுக்கிறார்கள். தை மாதம் தரம் 6க்குப் போன பிள்ளைகள் இடைவேளைக்கு எங்கள் கட்டடப் பக்கம் வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். கேட்டால் "தங்கச்சியப் பாக்க வந்த டீச்சர்" என்பார்கள். தங்கச்சியே இல்லாத பிள்ளையும் அதைத்தான் சொல்லும். சமைக்கிற அக்கா கண்டும் காணாததுபோல் மிஞ்சியதை ஒரு கோப்பையில் போட்டு வைப்பா.

வெல்லாவெளி அக்கா:
டீச்சர், நானும் அப்படிச் சமைக்கிற ஆள்தான், வேறு பள்ளிக்கூடத்தில். 2024இல் ஒரு சாப்பாட்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தார்கள். சோறு, பருப்பு, கீரை, ஒரு மரக்கறி என்றால் எப்படியோ சமாளிக்கலாம். முட்டை நாள் வந்தால் எனக்கு நட்டம். தேங்காய் விலை ஏறினதில் பால் விட்ட கறியே மறந்துபோச்சு. அதையும் விடுங்கள், சமைத்த காசு கைக்கு வர மாதங்கள் பிந்துகிறது. அதுவரைக்கும் அரிசிக்கடை முதலாளிதான் என்னைத் தாங்குகிறார். சொல்லப்போனால் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது அவர்தான்! ஆனாலும் முட்டை நாளில் ஒரு பிள்ளையும் நிற்காமல் வந்துவிடும், அதைப் பார்த்தால் விடவும் மனம் வராது.

ஏறாவூர் உம்மம்மா:
மகள் குவைத்தில். மூன்று பேரப்பிள்ளைகளும் என்னோடு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போக ஏலாது என்று 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தார்கள். 2022இல் அதை இரண்டு வயது ஆக்கினார்கள். நாட்டுக்குக் காசுக் கஷ்டம் வந்ததும் சட்டமும் இளகிவிட்டது, வேறென்ன. சின்னவனின் நிறைக்கோடு கீழே இறங்கினதால் கிளினிக்கில் திரிபோஷ என்ற சோளச் சத்துமா தருகிறார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால் வாசத்துக்கே மூத்ததுகள் இரண்டும் வந்து குந்திவிடும். அதுகள் பார்த்துக்கொண்டிருக்க இவனுக்கு மட்டும் எப்படித் தீத்துவது? மூன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன். அடுத்த கிளினிக்கில் நிறை கூடவில்லை என்று மிஸ் என்னைத்தான் ஏசுவா. 2022இல் சோளம் தட்டுப்பாடாகி அதுவும் கிடைக்காமல் போன காலத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

திருக்கோவில் தம்பி:
எங்கள் வீட்டை அஸ்வெசுமவுக்குப் பதிய வந்தவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார். சுனாமிக்குப் பிறகு கிடைத்த கல்வீடு அது, ஓடும் போட்டது. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தி நாளாகிவிட்டது. படிப்பு, நோய், சொத்து, வீடு, கரண்ட் பாவனை என்று 22 குறிகாட்டிகள் பார்க்கிறார்களாம். எங்கள் பெயர் வரவில்லை. மேன்முறையீடு போட்டு அலைந்து 5,000 கிடைத்தது. தங்கச்சியின் பள்ளிக்கூட வேன் காசுக்கு அது சரி.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
தம்பி சொல்வது உண்மை, ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. சமுர்த்திக் காலத்தில் முகம் பார்த்துப் பெயர் போட்ட இடங்கள் இருந்தன. ஆட்டோவும் கடையும் வைத்திருந்தவருக்கு நிவாரண முத்திரை போகும், கைம்பெண்ணுக்குப் போகாது. குறிகாட்டி வந்ததில் அது குறைந்தது என்றே சொல்வேன். எனக்குப் பெரிய தலையிடி ஆவணம்தான். மட்டக்களப்பில் கிரானுக்கு அப்பால், மாரி வந்தால் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்த் தோணியில் ஏற வேண்டிய ஊர்களில், தாய்க்கு அடையாள அட்டை இல்லை, பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு இல்லை. பதிவில்லாத குடும்பம் எந்தப் பட்டியலில் வரும்? நடமாடும் சேவை போன நாட்களில் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தால் பொழுதுபட்டும் வரிசை முடியாது. 2025இல் கொப்பி, புத்தகப்பைக்கு என்று பிள்ளைக்கு 6,000 கொடுத்தது நல்ல வேலை.

வாகரை டீச்சர்:
ஐயா, 6,000 வந்த வருடம் புதுக் கொப்பி மணத்தோடு வகுப்பு தொடங்கியது, மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய வகுப்புப் பொடியன்கள் வெள்ளாமை வெட்டு வந்தால் காணாமல் போவது நிற்கவில்லை. 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இல் சட்டம் வந்ததை வீட்டுக்குப் போய்ச் சொன்னால், தாய் மறுப்பே சொல்லாமல் கேட்டுவிட்டு, "வெட்டு முடிய அனுப்புறன் டீச்சர்" என்பா. அனுப்பவும் செய்வா. அதற்குள் தவணைப் பரீட்சை முடிந்திருக்கும்.

வெல்லாவெளி அக்கா:
தரம் 6க்கும் சாப்பாடு தாங்கோ என்று யாராவது எழுதிப் போட்டால் நானும் கையெழுத்து வைப்பேன். பழைய காசைத் தந்துவிட்டுத் தாங்கோ என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள்.