பழைய நெட்புக்கில் லினக்ஸ் ஏறிவிட்டது, திரை மட்டும் ஒளிரவில்லை

வணக்கம் நண்பர்களே. 2009-இல் வாங்கிய 10 அங்குல நெட்புக். இன்டெல் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ரேம், திரை 1024×600. செயலி 32 பிட் மட்டுமே. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 32 பிட் நிறுவல் கோப்பு கிடைக்கும் கடைசிப் பதிப்பு 12 என்பதால், அதையே எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான திரைச்சூழலுடன் கடந்த சனிக்கிழமை நிறுவினேன்.

கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியல் நன்றாகத் தெரிகிறது. அப்புறம் சில வரிகள் ஓடி, திரை இருண்டுவிடுகிறது. கணினி உறைந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்நுழைவுப் பக்கம் மங்கலாகத் தெரிகிறது! விஜிஏ வழியாக வேறு மானிட்டரை இணைத்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. ஆக, அணைவது பின்னொளி மட்டும்தான்.

லினக்ஸ் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் கர்னல் வரியில் நோமோட்செட் (திரை அமைப்பைக் கர்னல் மாற்றாமல் தடுக்கும் அளவுரு) சேர்த்தால் ஒளி வருகிறது. ஆனால் 800×600-க்கு மேல் போகவில்லை, எழுத்தெல்லாம் இழுபட்டுத் தெரிகிறது. பின்னொளியை எந்த வழியில் கட்டுப்படுத்துவது என்று சொல்லும் ஏசிபிஐ பேக்லைட் அளவுருவுக்கு வெண்டர், நேட்டிவ் இரண்டும் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. ஒளி கூட்டும் விசையும் வேலை செய்யவில்லை. அம்மா தினமும் எழுதுவது இதில்தான், தூக்கிப்போட மனமில்லை.

நோமோட்செட் இல்லாமல் பின்னொளியை எரியவைக்க வேறு எந்த அளவுருவைக் கொடுக்க வேண்டும்?