வாடகை இயந்திர யார்டுக்குச் சுற்றுச்சுவரா, கம்பி வேலியா?

ஒரகடம்_யார்டு: ஒரகடம் அருகே ஒன்றரை ஏக்கர் இடத்தில் பொக்லைன், கான்கிரீட் மிக்சர், ஜெனரேட்டர், கான்கிரீட் போடும்போது தாங்கும் சென்ட்ரிங் தகடு, அதற்கு முட்டுக் கொடுக்கும் ஜாக்கி ஆகியவற்றை வாடகைக்கு வைத்திருக்கிறோம். இப்போது இருப்பது ஆறடிச் செயின்லிங்க் (பின்னல் கம்பி) வேலி. பேட்டரிகளும் தகடுகளும் இருமுறை திருடு போய்விட்டதால் வேலியை மாற்றியாக வேண்டும். சுவர் எழுப்பலாமா, மெஷ் வேலி போடலாமா?

சிவில்_கணக்கு: எட்டடி உயரத்தில் ரெடிமேட் காம்பவுண்ட் சுவரும் அதன்மேல் முள்சுருளும் போதும். செயின்லிங்க் என்பது பின்னல்தானே. ஒரு கம்பியை வெட்டித் திருகி உருவினால் வேலி இரண்டாகப் பிரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, உள்ளே எந்த வண்டி நிற்கிறது, எது இன்று வெளியே போயிருக்கிறது என்பதைச் சாலையில் நின்றே நோட்டமிட அது இடம் கொடுக்கிறது.

இரவுக்காவல்: செயின்லிங்க் பற்றி நீங்கள் சொல்வது சரி, சுவரைப் பற்றிச் சொல்வதை ஏற்க இயலாது. ரெடிமேட் சுவரின் பலகைகள் தூண்களின் பள்ளங்களில் செருகி அடுக்கப்பட்டவை. கடப்பாரை வைத்திருப்பவனுக்கு அது பெரிய வேலை அன்று. உள்ளே குதித்துவிட்டாலோ, அதே சுவர் விடியும் வரை அவனை மறைத்து வைக்கும். 358 மெஷ் (நெருக்கமாகப் பற்றவைத்த கம்பி வலை) போடுங்கள். மூன்று அங்குலத்துக்கு அரை அங்குலக் கண், 4 மி.மீ. கம்பி என்பதால் ஏறுவதற்கு விரலும் நுழையாது, வெட்டுவதற்குக் கட்டரின் வாயும் எளிதில் நுழையாது.

சிவில்_கணக்கு: கட்டருக்குச் சரி, பேட்டரியில் ஓடும் கிரைண்டருக்கு என்ன செய்வீர்கள்? இரவு முழுவதும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் அந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. விலையும் செயின்லிங்கைப் போலப் பல மடங்கு.

இரவுக்காவல்: ஒன்றரை அடி உயரத் திறப்புக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 36 கம்பிகளை அறுக்க வேண்டும். அவ்வளவு நேரமும் தீப்பொறி பறக்கும். அது கேமராவில் பதியும், காவலாளியின் கண்ணிலும் படும். எந்த வேலியும் திருடனைத் தாமதப்படுத்தத்தான் முடியும். அந்தத் தாமதம் பிறர் பார்வையில் நிகழ்ந்தால்தான் பயன்.

டீசல்_மெக்கானிக்: இருவருமே கேட்டை மறந்துவிட்டீர்கள். பொக்லைன் வேலியைத் தாண்டிப் போவதில்லை, கேட் வழியாகத்தான் போகும். பழைய மாடல்களில் ஒரே சாவி பல வண்டிகளுக்குப் பொருந்தும் என்பது இத்தொழிலில் அனைவருக்கும் தெரிந்ததே. கீல்களில் மேலே உள்ளதைத் தலைகீழாகப் பொருத்தாவிட்டால், பூட்டைத் தொடாமலே கேட்டை மேலே தூக்கிக் கழற்றிவிடலாம். தகடுகளை வேலியோரம் அடுக்குவதையும் நிறுத்துங்கள். அந்த அடுக்கே ஏணி.

ஒரகடம்_யார்டு: வேலியில் வீட்டு மின்சாரத்தையே கொடுத்துவிடலாம் என்கிறார் என் பங்குதாரர்.

இரவுக்காவல்: வேண்டவே வேண்டாம். அது ஆளைக் கொல்லும், வழக்கு உங்கள் மீதுதான் வரும். வேலிக்கு விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர் கருவி வேறு, நேரடி இணைப்பு வேறு.

சிவில்_கணக்கு: சாலைப்புறத்திற்கு மெஷ் என்பதை ஏற்கிறேன். ஆனால் யார்டின் பின்புறம் ஆளற்ற பொட்டலாக இருந்தால், ஊடுருவிப் பார்க்கக்கூடிய வேலியால் அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பக்கத்திற்கு மட்டுமாவது, அடியில் கான்கிரீட் பீமோடு பலகைகளையும் தூண்களையும் சிமென்ட் கலவையால் இறுக்கிய சுவரே வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

இரவுக்காவல்: பின்புறத்தில்தான் விளக்கும் கேமராவும் முதலில் வர வேண்டும். அதைச் செய்யாமல் சுவர் மட்டும் எழுப்பினால், இந்த ஆண்டே மூன்றாவது முறையும் பேட்டரி வாங்குவார்.