டேப்ளாய்டு அளவில் தமிழ் மாத இதழ்: பக்க அமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை:

வணக்கம். எங்கள் விவசாயிகள் சங்கத்தின் மாத இதழ் இதுவரை ஏ4 அளவில், ஷீட் ஆஃப்செட்டில் (தனித்தனித் தாளாக அச்சிடும் முறை) வந்துகொண்டிருந்தது. பொங்கல் இதழிலிருந்து 8 பக்க டேப்ளாய்டாக (வழக்கமான நாளிதழில் பாதி அளவு), நியூஸ்பிரிண்டில் (செய்தித்தாள் அச்சிடும் தாள்), வெப் ஆஃப்செட்டில் (உருளைத் தாள் ஓடும் அச்சு முறை) அடிக்கப் போகிறோம். அச்சகம் சொன்ன அச்சுப் பரப்பு 250 × 330 மி.மீ. 1, 8, 4, 5 ஆகிய பக்கங்கள் கலர். மற்றவை கறுப்பு வெள்ளை. மென்பொருள் இன்டிசைன்.

மாதிரிக்கு ஒரு முதல் பக்கம் போட்டாயிற்று: 6 காலம் (செங்குத்துப் பத்தி), ஒன்பது செய்தி, ஏழு படம். எது பெரிய செய்தி என்றே தெரியவில்லை. வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி. எத்தனை காலம் வைப்பது, எழுத்து என்ன அளவு, தலைப்பு என்ன அளவு, நியூஸ்பிரிண்டில் படம் கறுத்துப் போகாமல் இருக்க என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயஎழுத்து:

முதலில் அந்த ஓட்டைகள். 250 மி.மீ.-ல் 6 காலம், இடையில் 4 மி.மீ. விட்டால் ஒரு காலம் 38 மி.மீ.தான். 10 பாயின்டில் அதில் பத்துப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் நிற்காது. "கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரு சொல்லே பத்து எழுத்து. அந்தச் சொல் அடுத்த வரிக்குத் தாவியதும், மேல் வரியில் மிஞ்சும் இரண்டு சொல்லை மென்பொருள் இழுத்து நீட்டுகிறது. ஆங்கிலப் பத்திரிகையின் கால அகலத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழில் இதுதான் நடக்கும். தமிழ்ப் பக்கத்தில் கால அகலத்தை முடிவு செய்வது தமிழ்ச் சொல்லின் நீளம். பக்கத்தின் அழகெல்லாம் அதற்குப் பிறகு.

5 காலம் வையுங்கள். 4 மி.மீ. இடைவெளியோடு ஒரு காலம் 46.8 மி.மீ. வரும், 12 முதல் 15 எழுத்து நிற்கும். கட்டுரை, தலையங்கம், நேர்காணல் வரும் பக்கங்களுக்கு 4 காலம், 5 மி.மீ. இடைவெளி: ஒரு காலம் 58.75 மி.மீ. தமிழுக்கு உண்மையில் வசதியான அகலம் அதுதான்.

உடல் எழுத்து (செய்தியின் எழுத்து) 10 பாயின்ட், வரி இறக்கம் (ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு உள்ள தூரம்) 13 பாயின்ட். 12-க்குக் கீழே போகாதீர்கள். மேல் வரியில் "ழு", "கு", "ஞு" கீழே இறங்கும், கீழ் வரியில் "கீ", "தி", "ளி" மேலே ஏறும், 11.5-ல் இரண்டும் முட்டிக்கொள்ளும். 13 பாயின்டில் அடிக்கோட்டு வலை போட்டால் 330 மி.மீ. உயரத்தில் 71 வரி கிடைக்கும். எல்லாக் காலங்களின் வரிகளும் அந்த வலையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் காலங்களின் வரிகள் மேலும் கீழுமாகப் போய், காரணம் புலப்படாமலே பக்கம் கோணலாகத் தோன்றும்.

இன்டிசைனில் முதல் வேலை: பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், கம்போசரை (வரிகளை அமைக்கும் முறை) "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாக விழும். அதே இடத்தில் சொல் இடைவெளி 75 / 95 / 130 (குறைந்தது / விரும்புவது / அதிகபட்சம்), எழுத்து இடைவெளி மூன்றும் 0, கிளிஃப் ஸ்கேலிங் (எழுத்தின் அகலத்தைச் சுருக்குவது, நீட்டுவது) 97 / 100 / 103. எழுத்து இடைவெளியைத் தளர்த்தினால் கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகி, சொல்லே உடைந்ததுபோல் தெரியும்.

வரி முறிப்பு: தமிழ்ப் பத்திரிகைகள் சொல்லை முறிக்கும்போது பெரும்பாலும் கோடு போடுவதில்லை. இன்டிசைனின் ஹைஃபனேஷனை இயக்கினால் கோடு வரும். அதை நிறுத்திவிட்டு, தேவைப்படும் சொல்லில் டைப் மெனுவின் இன்சர்ட் பிரேக் கேரக்டரில் உள்ள "டிஸ்கிரீஷனரி லைன் பிரேக்" போடுங்கள்; அங்கே கோடில்லாமல் முறியும். ஒரே விதி: அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. "மக் / கள்" சரி. "ம / க்கள்" தவறு. ஒற்றை எழுத்தை மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தனியே விடுவதும் கூடாது.

ஃபான்ட்: நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, எல்லாமே இலவசம், யூனிகோடு, பல கனங்களில் கிடைக்கும். உடலுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, மூன்றாவது வேண்டாம். நோட்டோ செரிஃபின் மெல்லிய கோடுகள் நியூஸ்பிரிண்டில் தேய்ந்து தெரியலாம். அதைப் போட்டால் ரெகுலருக்குப் பதில் மீடியம் எடுங்கள்.

முதல்பக்கம்:

காலக் கணக்கை அவர் சொல்லிவிட்டார். ஒன்பது செய்தி, ஏழு படம் என்பதுதான் அடுத்த பிரச்சினை. டேப்ளாய்டு முதல் பக்கத்துக்கு மூன்று செய்தி, மிஞ்சினால் நான்கு. மீதியை உள்ளே தள்ளி, மேலேயோ ஓரத்திலோ "உள்ளே" என்று மூன்று வரிக் குறிப்பு கொடுங்கள்.

கணினியைத் தொடும்முன் டம்மி (பக்கத்தின் மாதிரி வரைபடம்) போடுங்கள். ஏ4 தாளில் பென்சிலால் 5 காலம் வரைந்து, முதலில் விளம்பரங்களை அடியில் வலப்பக்கமாக அடுக்குங்கள். பிறகு லீட் (முதன்மைச் செய்தி), அதன் படம், பிறகு ஆங்கர் (பக்கத்தின் அடியில் வரும் செய்தி), கடைசியில் சிறு செய்திகள். ஒவ்வொரு செய்தியும் தலைப்பு, படம், பட விளக்கம், உடல் எல்லாம் சேர்ந்து ஒரே செவ்வகத்துக்குள் அடங்க வேண்டும். எல் வடிவத்தில் ஒரு செய்தி இன்னொன்றைச் சுற்றி ஓடினால் வாசகர் காலத்தின் அடிக்கு வந்ததும் எங்கே போவது என்று தடுமாறுவார்.

எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு: ஒரு காலத்துக்கு 71 வரி, வரிக்கு இரண்டரைச் சொல் என்று வைத்தால் சுமார் 180 சொல். பக்கம் முழுக்க எழுத்தே என்றாலும் 900. தலைப்பு, படம், விளம்பரம் போக 450-500 சொல்தான் மிஞ்சும். எழுதுபவர்களிடம் இந்த எண்ணை முன்பே கொடுத்துவிடுங்கள். 800 சொல்லை வாங்கி, கடைசி நேரத்தில் எழுத்தை 9 பாயின்டாகக் குறைத்து அடைப்பதுதான் சிறு இதழ்களைப் படிக்க முடியாமல் ஆக்குகிறது. சங்க இதழின் வாசகர்களில் பாதிப்பேர் மூக்குக்கண்ணாடி தேடுபவர்களாக இருப்பார்கள்.

தலைப்பு: லீடுக்கு 44-48 பாயின்ட், இரண்டாவதற்கு 30-32, இரண்டு காலச் செய்திக்கு 22-24, ஒரு காலத்துக்கு 16-18. படிகளுக்கு நடுவே வித்தியாசம் பளிச்சென்று இருக்க வேண்டும். 32, 30, 28 என்று போனால் எல்லாமே ஒன்றுபோல் கத்தும். 48 பாயின்ட் போல்டில் முழு அகலத்துக்கு 12-15 எழுத்துதான் வரும் என்பதால் தலைப்பைச் சுருக்கி எழுதியே ஆக வேண்டும். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு நிலைத்ததற்குக் குட்டைச் சொற்கள்தான் கைகொடுத்தன. நீளச் சொற்களோடு அந்த அளவு சாத்தியமே இல்லை.

தலைப்பை எங்கே உடைக்கிறோம் என்பதும் முக்கியம். "டெல்டா விவசாயிகளுக்கு நிவாரண / உதவி வழங்கக் கோரிக்கை" என்று உடைத்தால் "நிவாரண" அந்தரத்தில் தொங்குகிறது. "டெல்டா விவசாயிகளுக்கு / நிவாரணம் வழங்கக் கோரிக்கை": ஒரு சொல் போயிற்று, பொருள் முழுதாக நிற்கிறது. தலைப்பின் வரி இறக்கத்தை 110 விழுக்காடு வரை நெருக்கலாம், ஆனால் மேலே சொன்ன "கு" - "கீ" மோதலை ஒவ்வொரு தலைப்பிலும் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரே உயரத்தில், ஒரே அளவில் இரண்டு தலைப்புகளைப் பக்கம் பக்கமாக வைக்காதீர்கள்; ஒரே வரியாகச் சேர்த்துப் படித்துவிடுவார்கள். நடுவில் படம் அல்லது பாக்ஸ் வையுங்கள், அல்லது ஒன்றைக் கீழே இறக்குங்கள். ஒரு செய்தியின் படம் வேறொரு செய்தியின் தலைப்புக்கு அடியில் போய் நிற்கக் கூடாது. குற்றச் செய்தித் தலைப்புக்குக் கீழே தலைவர் படம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படம்: ஏழு சிறு படங்களைவிட ஒரு பெரிய படம். முதன்மைப் படம் மற்ற எதைவிடவும் இரண்டு மடங்காவது இருக்கட்டும். இருபது பேர் வரிசையாக நிற்கும் கூட்டப் படத்தை ஒரு காலத்தில் போட்டால் முகமே தெரியாது; மூன்று காலத்தில் போடுங்கள், அல்லது மேடையில் பேசுபவரை மட்டும் வெட்டி எடுங்கள். பெயர் போட்டு அறிமுகப்படுத்தும் முகம் குறைந்தது 10 மி.மீ. உயரம். படத்தில் இருப்பவர் பக்கத்தின் உள்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதற்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்புவது மட்டும் கூடாது.

காவிரிக்கரை:

மிக்க நன்றி இருவருக்கும். இன்னும் மூன்று சந்தேகம். பழைய கட்டுரைகள் எல்லாம் பாமினியில் (யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்) இருக்கின்றன. மாற்றினால் சில எழுத்து உடைகிறது. ஓட்டையைத் தவிர்க்க இடப்பக்கம் மட்டும் நேராக்கி, வலப்பக்கத்தை விட்டுவிடலாமா? நடுப்பக்கத்தில் 4, 5 சேர்த்து ஒரே படம் போட முடியுமா?

நாலுகலர்:

நடுப்பக்கம் முதலில். 8 பக்க டேப்ளாய்டில் தாளின் ஒரு முகத்தில் 8-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 7-ம். இன்னொரு தாளில் 6-ம் 3-ம், பின்னால் 4-ம் 5-ம். 4-5 மட்டும்தான் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகி, விரித்ததும் எதிரெதிரே வருபவை. ஆகவே அங்கே தாராளமாகப் படத்தை ஓடவிடலாம். நடு இடைவெளி 20 மி.மீ. என்றால் 520 மி.மீ. அகலம் கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், மடிப்பில் முகமோ எழுத்தோ விழாமல் பாருங்கள். 2-3, 6-7 பக்கங்களில் இதை முயலாதீர்கள். வேறு வேறு தாள் என்பதால் சேராது.

இனி மை. நியூஸ்பிரிண்ட் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பரப்பும். திரையில் 50 விழுக்காடு சாம்பல் தாளில் 75-க்கு அருகே வரும். மாநிறமான முகங்கள் கறுத்துப்போவது இதனால்தான். சரியான வழி, ஃபோட்டோஷாப்பில் நியூஸ்பிரிண்ட் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கொண்டு சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்) ஆக்குவது. அச்சகத்துக்குச் சொந்த ப்ரொஃபைல் இல்லையென்றால் வான்-இஃப்ரா என்ற உலகச் செய்தித்தாள் அமைப்பின் 26வி5 ப்ரொஃபைல் போதும். அதில் மொத்த மை (ஓரிடத்தில் விழும் நான்கு மையின் கூட்டு) 220 விழுக்காட்டுக்குள் நிற்கும். வழவழப்புத் தாளுக்கான ப்ரொஃபைலில் மாற்றிய படம் 300-ஐத் தாண்டும். மை காயாது, எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், வாசகர் கையிலும் ஒட்டும். ப்ரொஃபைல் போட்ட பிறகு கர்வ்ஸில் (வெளிச்சத்தைத் திருத்தும் கருவி) மறுபடி வெளிறச் செய்யாதீர்கள். இரட்டைத் திருத்தமாகி முகம் சுண்ணாம்பாகும்.

ஸ்கிரீன் 100 எல்பிஐ (அச்சில் அங்குலத்துக்கு 100 புள்ளி வரிசை) என்றால் படத்துக்கு 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 பிக்சல்) போதும். மூன்று காலப் படம் 14.8 செ.மீ., அதற்கு 1,200 பிக்சல் அகலம் வேண்டும். ஐந்து காலத்துக்கு 1,970. வாட்ஸப்பில் படம் அனுப்புபவர்களை "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

உடல் எழுத்து கறுப்பு 100 மட்டும். வேர்டிலிருந்து ஒட்டும்போது ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை) கறுப்பாக வந்து, பிடிஎஃப் ஆக்கும்போது நான்கு மையாகப் பிரிந்துவிடும். ஓடும் இயந்திரத்தில் நான்கு மையும் மயிரிழை விலகாமல் விழுவது அரிது. எழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நீல நிழல் தெரியும். சோதிக்க: அக்ரோபேட் ப்ரோவில் அவுட்புட் ப்ரிவ்யூ திறந்து, கறுப்புத் தட்டை மட்டும் அணையுங்கள். எழுத்து முழுவதும் மறைந்தால் சரி. மங்கலாக ஏதாவது மிஞ்சினால் அந்த எழுத்து நான்கு மையில் இருக்கிறது.

வெள்ளை எழுத்து, கறுப்புப் பின்னணி என்றால் 12 பாயின்ட் போல்டுக்குக் குறையக் கூடாது, செரிஃப் (கோட்டு முனையில் மெல்லிய நீட்டல் உள்ள எழுத்து) கூடாது. "ி"-யின் சுழி மை நிரம்பி அடைத்துவிடும். பாக்ஸ் செய்திக்குப் பின்னணி கறுப்பில் 10 விழுக்காடு போதும். 20 வைத்தால் தாளில் அது 35 போல ஆகிவிடும். கோடுகள் 0.5 பாயின்டுக்குக் குறையாமல், ஒரே மையில்.

கறுப்பு வெள்ளைப் பக்கங்களில் போகும் கலர் படத்தையும் வரைபடத்தையும் நீங்களே கிரேஸ்கேல் (சாம்பல் சாயல் மட்டும்) ஆக்குங்கள். நெல் விலை வரைபடத்தில் சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் ஒரே சாம்பலாகிவிட்டால் படிக்கவே முடியாது. 20, 50, 100 என்று கறுப்பின் அளவாலேயே பிரித்துக் காட்டுங்கள், பெயரைப் பட்டையின் மேலேயே எழுதுங்கள்.

ஈயஎழுத்து:

பாமினி விஷயம்: உடைவது பெரும்பாலும் "ர்" ஆகத்தான் இருக்கும். பாமினியில் "ர்" அடிக்கப் பலர் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து அடிப்பார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றும் கருவி அதைக் காலும் புள்ளியுமாகவே வைத்துவிட்டால் "அவர்" என்பதில் புள்ளி வட்டம் முளைக்கும். ஃபைண்ட்/சேஞ்சில் துணைக்கால்+புள்ளி என்பதைத் தேடி "ர்" என்று மாற்றுங்கள். தமிழில் அந்தச் சேர்க்கை வேறெங்கும் வராது, ஆகவே துணிந்து மொத்தமாக மாற்றலாம். அதேபோல் "ௌ" வரும் இடங்களில் ஒற்றைக் கொம்பும் "ள"-வும் தனித்தனியாக வந்திருக்கும். "மௌனம்", "கௌரவம்" போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதை மொத்தமாக மாற்றக் கூடாது, "வெள்ளம்", "கெளுத்தி" எல்லாம் கெட்டுவிடும்.

வலப்பக்கத்தை விடுவது பற்றி: தலையங்கம், வாசகர் கடிதம், நேர்காணல், பட விளக்கம் இவற்றுக்கு விடலாம், நன்றாகவே இருக்கும். செய்திக் காலங்களுக்கு வேண்டாம். 46.8 மி.மீ.-ல் தமிழை அப்படி விட்டால் சில வரி பாதிக் காலத்திலேயே நின்றுவிடும். ஐந்து காலமும் அப்படி என்றால் இடைவெளி எது, வரி முடிவு எது என்று பிரித்தறிய முடியாது. விடத்தான் வேண்டுமென்றால் காலங்களுக்கு நடுவே 0.5 பாயின்ட் நிமிர்ந்த கோடு போடுங்கள்.

முதல்பக்கம்:

அந்தக் கோட்டை நான் எப்படியும் போடச் சொல்வேன், ஆனால் செய்திக்கும் செய்திக்கும் நடுவே மட்டும். ஒரே செய்தியின் காலங்களுக்கு நடுவே கோடு வந்தால் அது இரண்டு செய்தியாகிவிடுகிறது.

பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) அனுப்பும்முன் எட்டுப் பக்கத்தையும் ஏ3 தாளில் 100 விழுக்காட்டில், அதாவது சுருக்காமல், பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். 250 × 330 ஏ3-க்குள் தாராளமாக அடங்கும். அந்தத் தூரத்தில் முதலில் கண்ணில் படும் தலைப்பு, உங்கள் டம்மியில் நீங்கள் லீட் என்று குறித்த செய்தியினுடையதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் லீடைப் பெரிதாக்காதீர்கள், மற்றதைச் சிறிதாக்குங்கள்.